50 சரை கேட்டேன், 5 சரைதான் தந்தார்கள்

ஒழுங்கைப்பிள்ளை (லண்டன்)

நல்லூர்த் திருவிழாவுக்கென்று போய் மூன்று கிழமை ஊரில் நின்றுவிட்டு இப்போதுதான் வந்திறங்கினேன். தேர், தீர்த்தம் பற்றி எழுத இங்கே ஆட்கள் இருக்கிறீர்கள். நான் ஒரு கடையைப் பற்றி எழுத வந்தேன், கொஞ்சம் கோபத்தோடு.

அம்மம்மா வீடு வண்ணார்பண்ணையில், தட்டாதெருச் சந்தியில் இருந்து நடக்கிற தூரம். அந்த ஒழுங்கையில் ஒரு வீட்டின் முன் விறாந்தையைப் பலகை அடித்து மறைத்துக் கடையாக்கியிருக்கிறார்கள். எனக்கு நினைவு தெரிந்த நாளில் இருந்து அப்படித்தான். பெயர்ப் பலகை அன்றும் இல்லை, இன்றும் இல்லை. மூலைக்கடை என்றால் ஒழுங்கைக்கே விளங்கும். இத்தனைக்கும் கடை மூலையில் இல்லை, நடுவில் இருக்கிறது.

தட்டில் தகர மூடி போட்ட கண்ணாடிப் போத்தல்கள். ஒன்றில் எள்ளுருண்டை, ஒன்றில் பயத்தம் பணியாரம், ஒன்றில் சீனி பூத்த சிப்பிப் பலகாரம். பெரிய பிஸ்கட் ரின் ஒன்றில் முறுக்கு. மேலே வளையில் பனங்கட்டிக் குட்டான்கள் கொத்தாகத் தொங்குகின்றன. கீழே கடகத்தில் புழுக்கொடியல். மிக்சரை இன்னும் சுண்டால், அந்தச் சின்ன அளவுப் பேணியால், அளந்துதான் பேப்பரில் கொட்டுகிறார்கள். தராசு ஒன்று இருக்கிறது, அதன்மேல் ரேடியோவை வைத்திருக்கிறார்கள்.

நான் போனது தட்டை வடைக்கு. பத்து வடையை அடுக்கிப் பேப்பரில் சுற்றி நூலால் கட்டினால் ஒரு சரை. லண்டனில் சொந்தம், வேலையிடம், பிள்ளைகளின் ரியூசன் ஆசிரியர் என்று எண்ணிப் பார்த்தேன். 50 சரை வேண்டும்.

காசு லாச்சிக்குப் பக்கத்தில் இருந்த மாமி கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார்.

‘ஆர் பிள்ளை நீர்?’

அம்மம்மாவின் பெயரைச் சொன்னேன், வீட்டைக் கையால் காட்டினேன்.

‘ஓ, அந்த வீடோ. இப்ப வாடகைக்கு இருக்கிறது நல்ல சனம்.’

அவ்வளவுதான். கட்டிப்பிடித்து அழுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு ‘வளர்ந்திட்டீர்’ ஆவது வரும் என்று நினைத்தேன்.

‘ஐஞ்சு சரை தரலாம்’ என்றார்.

‘அந்தா அடுக்கி வைச்சிருக்கிறியளே மாமி?’

‘அது பின்னேரத்துக்கு. ரியூசன் விட்டுப் பிள்ளையள் வருங்கள், வேலையால வாற ஆக்கள் வருவினம். எல்லாத்தையும் உமக்குத் தூக்கித் தந்திட்டு அவைக்கு என்னத்தைக் குடுக்கிறது?’

இரண்டு மடங்கு காசு தருகிறேன் என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று இப்போது விளங்குகிறது. மாமி மறுமொழி சொல்லவில்லை. ‘உமக்கு என்ன தம்பி?’ என்று அடுத்த ஆளைக் கேட்டார். அடுத்த ஆளுக்கு எட்டு வயது இருக்கும், கச்சான் அல்வா வாங்க வந்தவன்.

சரி, கேள்வி இதுதான். சாமான் கண்முன்னால் இருக்கிறது, காசு கையில் இருக்கிறது, தரமாட்டேன் என்றால் அது என்ன வியாபாரம்?

ஊரில் நிற்கிறவன் (யாழ்ப்பாணம்)

அந்த மாமிக்குக் கோயில் கட்ட வேண்டும்.

ஆடி, ஆவணி வந்தால் எங்கள் பக்கம் பின்னேரத் தேத்தண்ணிக்குக் கடிக்க ஒன்றும் மிஞ்சுவதில்லை. வான் பிடித்து வருகிறீர்கள், போத்தலோடு தூக்குகிறீர்கள், போய்விடுகிறீர்கள். பிறகு ஐப்பசி மழைக்குள் அந்தக் கடையை நடத்த வைப்பது ஆர்? தினமும் ஒரு சரை வாங்குகிற நாங்கள்.

வடமராட்சியான்

சண்டைக்கு முதல் ஒரு திருத்தம். தட்டை வடை என்று வண்ணார்பண்ணையில் எதை வாங்கினீர்கள்? அதற்கு ஊர்ப் பெயரே பருத்தித்துறை வடை. பருத்தித்துறையில் வாங்காத பருத்தித்துறை வடை எப்படி என்று நான் சொல்லத் தேவையில்லை.

எங்கள் பக்கம் மெல்லிசாகத் தட்டுவார்கள். கையில் எடுத்தால் விளிம்பு வெடித்து வெடித்து இருக்க வேண்டும், உளுந்து மேலே தெரிய வேண்டும், செத்தல் மிளகாய்த் துண்டு நாக்கில் பட வேண்டும். வலிகாமத்தில், உங்கள் வண்ணார்பண்ணைப் பக்கம், தடிப்பாகத் தட்டி, சிவப்பு நிறம் வருவதற்கு மிளகாய்த்தூளைக் கொட்டுகிறார்கள். அது பிஸ்கட்.

சென்னைவாசி

வணக்கம். குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் ஊரில் தட்டை என்று ஒன்று உண்டு, அரிசி மாவில் செய்வோம், சீடைக்குக் கூடப் பிறந்தது. இதுவும் அதுவும் ஒன்றா? அப்புறம், சரை என்றால் பொட்டலமா? பயத்தம் பணியாரம் என்றதும் எனக்குக் குழிப்பணியாரம்தான் கண்முன் வருகிறது. யாராவது விளக்கினால் நன்றாக இருக்கும்.

தாச்சிச்சட்டி (இணுவில்)

நான் விளக்குகிறேன். எங்கள் வீட்டிலும் பலகாரம் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறோம், அம்மா காலத்தில் இருந்து.

சரை என்றால் நீங்கள் சொல்கிற பொட்டலம்தான். கூம்பாகச் சுருட்டினாலும் சரை, மடித்துக் கட்டினாலும் சரை.

பயத்தம் பணியாரத்துக்குக் குழியும் இல்லை, தோசை மாவும் இல்லை. பயறை வறுத்து இடித்து அரித்த மா, கொஞ்சம் வறுத்த அரிசி மா, வறுத்த தேங்காய்ப்பூ, ஏலம், மிளகு, சீரகம். சர்க்கரையைப் பாகு காய்ச்சிச் சூட்டோடு ஊற்றி, கை பொறுக்கிற சூடு வந்ததும் உருண்டை பிடிக்க வேண்டும். ஆறவிட்டால் உதிரும். அப்படியே சாப்பிட்டால் பயத்தம் உருண்டை. அதைத் தேங்காய்ப்பாலில் கரைத்த மஞ்சள் மாவில் தோய்த்துப் பொரித்தால் பணியாரம். மேல் தோல் முறுமுறு என்று, உள்ளே மா மாவாக இருக்கும். வாயில் வைத்துக்கொண்டு சிரித்தால் முன்னுக்கு இருப்பவரின் சட்டை போச்சு.

தட்டை வடை உங்கள் தட்டைக்குச் சொந்தம்தான், ஆனால் வேறு ஆள். எங்கள் வீட்டுக் கணக்கு: உளுந்து ஒரு சுண்டு, அவித்த கோதுமை மா ஒரு சுண்டு, அவிக்காத மா ஒரு சுண்டு. அதற்குச் செத்தல் மிளகாய் இடித்தது, பெருஞ்சீரகம், கறிவேப்பிலை, உப்பு. உளுந்தை ஊறவைத்துத் தண்ணீரை வடிப்போம், அரைப்பதில்லை. மாவை ஏன் அவிக்கிறோம் என்றால், பச்சை மாவில் ஓர் இழுவை இருக்கிறது, ரொட்டி போல ரப்பராக வரும். அவித்தால் அந்த இழுவை செத்துவிடும். முழுக்க அவித்த மா போட்டால் தட்டும்போதே பிரிந்து போகும், அதனால் பாதிப் பாதி. அம்மம்மா கடைசிவரை கோதுமை மாவை ‘அமெரிக்கன் மா’ என்றுதான் சொன்னார்.

இனி அந்தக் கடைக்காரர் ஏன் 50 தரவில்லை என்பதற்கு வருகிறேன்.

ஒரு சரை பத்து வடை. 50 சரை என்றால் 500 வடை. நெல்லிக்காய் அளவு உருண்டை எடுத்து, எண்ணெய் பூசிய பொலித்தீனில் வைத்து உள்ளங்கையால் ஒரு அழுத்து, சுற்றிவர விரலால் ஒரு தட்டு. பிறகு கிழியாமல் உரித்துத் தாச்சிக்குள் விட வேண்டும். இரண்டு பேர் தட்டி ஒருவர் பொரித்தால் எங்கள் வீட்டில் ஒரு பின்னேரத்துக்கு 300 வரும். அதற்குமேல் கை வலிக்கத் தொடங்கும், வலித்தால் வடை தடிக்கும். (வடமராட்சியான் கவனிக்க: வலிகாமத்து வடையின் தடிப்புக்கு இதுவும் ஒரு காரணம்.) பொரிக்கிறவர் எழும்பவே ஏலாது. எண்ணெயில் போட்டவுடன் பொங்கி நுரைக்கும். நுரை அடங்கி, சலசலப்புச் சத்தம் குறைந்தால் இறக்க வேண்டும். கண்ணால் பார்த்து இறக்கினால் கறுத்துவிடும், காதால் கேட்டுத்தான் இறக்குவது.

ஆகவே நீங்கள் கேட்ட 50 சரை அந்த வீட்டில் இரண்டு நாள் வேலை. நீங்கள் சொல்லாமல் போய் உடனே கேட்டிருக்கிறீர்கள்.

வடமராட்சியான்

பாதிப் பாதி சரி. காதால் கேட்டு இறக்குவது என்பதும் சரி. ஆனால் அரிசி மா ஒரு பிடி போட வேண்டும், சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்.

தாச்சிச்சட்டி (இணுவில்)

சொல்லாமல் விடவில்லை, போடுவதில்லை. அரிசி மா போட்டால் முதல் நாள் நல்ல மொறுமொறுப்பு, நாலாம் நாள் பல்லை உடைக்கும்.

கோண்டாவில் மாமா

பிள்ளைகள் அரிசி மாவுக்குச் சண்டை பிடிக்கிறீர்கள். மாவே இல்லாமல் கடை நடத்தின காலம் எனக்கு ஞாபகம் வருகிறது.

1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு யாழ்ப்பாணத்துக்குச் சாமான் வருவது கட்டுப்பாடு. மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் தங்கம். ஜாம் போத்தலுக்குள் திரி விட்ட விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். சவர்க்காரம் வாங்க ஏலாமல் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தோம், நன்றாக நுரைக்கும். உடுப்பில் மணம்தான் போகாது, பள்ளிக்கூடம் முழுக்கப் பனம்பழ மணம். சீனி இல்லை, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தோம். பனை இருந்ததால் இருந்தோம்.

எங்கள் ஒழுங்கையிலும் ஒரு பலகாரக் கடை இருந்தது. அந்த நாட்களில் போத்தல்கள் எல்லாம் வெறுமை. கடைக்கார அண்ணை இரண்டை மட்டும் நிரப்பி வைத்திருப்பார், ஒன்றில் எள்ளுருண்டை, மற்றதில் கச்சான், அதாவது நிலக்கடலை. எள்ளும் கச்சானும் உள்ளூரில் விளையும், கப்பல் பார்க்கத் தேவையில்லை. பொரிக்கிற நாள் என்றால் அடுப்புக்கு ஊமலும் பனம் மட்டையும். ஊமல் என்றால் சென்னைத் தம்பிக்கு விளங்காது: பனங்கொட்டையைப் பாத்தியில் புதைத்துக் கிழங்கு எடுத்த பிறகு மிஞ்சுகிற கோது. நல்ல தணல் பிடிக்கும்.

1995 ஒக்டோபர் 30 இரவு. வலிகாமம் முழுக்க வெளிக்கிடச் சொல்லி ஒலிபெருக்கியில் சொன்னார்கள். மழை. நாவற்குழிப் பாலம் கடக்க எங்களுக்கு விடிந்துவிட்டது. எனக்கு முன்னால் அந்த அண்ணை சைக்கிள் உருட்டிக்கொண்டு போனார். கரியரில் பெரிய தாச்சி கவிழ்த்துக் கட்டியிருந்தது, அதற்குள் முறுக்கு உரல். தாச்சிமேல் மழை விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே நடந்தேன். நான் சான்றிதழ்களை எடுத்தேன், அவர் தாச்சியை எடுத்தார். கொடிகாமத்தில் நாங்கள் இருந்த பள்ளிக்கூடத்து மதிலடியில் ஒரு கிழமைக்குள் அடுப்பு மூட்டிவிட்டார். என் சான்றிதழ்கள் ஆறு மாதம் சொப்பிங் பைக்குள் கிடந்தன.

1996 சித்திரைக்குப் பிறகு திரும்பி வந்தபோது அவர் கடையில் கதவு இல்லை, அலுமாரி இல்லை. தாச்சி இருந்தபடியால் கடை இருந்தது.

2006 ஆவணியில் யாழ்ப்பாணத்துக்கு வருகிற ஏ9 பாதையை முகமாலையில் மூடியபோதும் அதே கதை. சங்கக் கடை வாசலில் மா, சீனிக்கு வரிசை. அந்த நேரமும் அவர் ஆளுக்கு இவ்வளவு என்று எண்ணித்தான் கொடுத்தார். அந்த வண்ணார்பண்ணை மாமியை எனக்குத் தெரியாது. ஆனால் ‘ஐஞ்சு சரை’ என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் அண்ணையின் குரல்தான் கேட்கிறது.

ஒழுங்கைப்பிள்ளை (லண்டன்)

மாமா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மூலைக்கடைக்காரரும் அப்போது மீசாலையில் சொந்தக்காரர் வீட்டில் இருந்ததாகச் சொன்னார். எனக்கு நாலு வயது, பாலத்தில் அழுததைத் தவிர வேறொன்றும் நினைவில்லை.

கோபம் கொஞ்சம் தணிந்துவிட்டது. ஆனால் முழுக்க இல்லை. நாளைக்கு வா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்தானே?

ஊரில் நிற்கிறவன் (யாழ்ப்பாணம்)

இரண்டு மடங்கு காசு என்று சொன்ன ஆளுக்கு நாளைக்கு வா என்று சொல்ல ஆருக்கு மனம் வரும்?

ரொறன்ரோ ராகவன்

எனக்கு இந்த இழையே விளங்கவில்லை. ஸ்காபரோவில் எந்தத் தமிழ்க் கடைக்குப் போனாலும் தட்டை வடை, பயத்தம் உருண்டை, மிக்சர், புழுக்கொடியல் எல்லாம் பைக்கற்றில் கிடைக்கிறது, திகதியும் போட்டிருக்கும். காசு கட்டிப் பறந்து, ஒருவரிடம் கெஞ்சி, சூட்கேசில் நொறுக்கிக்கொண்டு வர வேண்டிய தேவை என்ன? அச்சடித்த பேப்பரில் சுற்றித் தருவது சுகாதாரமும் இல்லை. எண்ணெயில் மை ஊறும்.

தாச்சிச்சட்டி (இணுவில்)

பேப்பர் விசயத்தில் ராகவன் அண்ணை சொல்வது சரி. நாங்கள் இரண்டு வருடமாக உள்ளுக்கு வெறும் வெள்ளைத் தாள் வைத்துத்தான் வெளியே பேப்பர் சுற்றுகிறோம். முதலில் வாடிக்கையாளர்கள் சிரித்தார்கள்.

பைக்கற் வடை பற்றி ஒன்று. கடைகளுக்குப் போடுகிறவர்கள் இப்போது பாம் ஒயிலில்தான் பொரிக்கிறார்கள், நாங்களும்தான். தேங்காய் எண்ணெய் கட்டாது. பாம் ஒயிலில் பொரித்தது கன நாள் நிற்கும், ஆனால் ஆறிய பிறகு மேலண்ணத்தில் ஒரு மெழுகு ஒட்டும். 2022 இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360 வரை ஏறியபோது எண்ணெயும் மாவும் போன போக்கில் நாங்கள் மூன்று மாதம் பொரியலையே விட்டோம். எரிவாயு வரிசையில் அப்பா விடியப்புறம் போய் நிற்பார். பின்பு பழைய விறகடுப்பைக் கொல்லையில் இருந்து எடுத்துக் கழுவினோம். அதே காலத்தில் எள்ளுருண்டைதான் எங்களைக் காப்பாற்றியது, கோண்டாவில் மாமா சொன்னது போலவே. அவருடைய பதிவை வாசித்தபோதுதான் எனக்கே அது உறைத்தது.

தீவான்

புழுக்கொடியலை முதல் பதிவில் எழுதிவிட்டு ஒருவரும் அதன் பக்கம் போகவில்லை. வடை வடை என்று மூன்று நாளாக.

பனங்கிழங்கை அவித்துக் கிழித்து வெயிலில் காயவைத்தால் புழுக்கொடியல். அவிக்காமல் காயவைத்தால் ஒடியல், அது கூழுக்கும் பிட்டுக்கும். கிழங்கு வருவது மார்கழி, தையில். அதனால் தை, மாசி வெயிலில் காய்ந்ததுதான் புதுசு. கடகத்தில் இருந்து ஒன்றை எடுத்து முறித்துப் பாருங்கள். படக்கென்று முறிந்தால் நல்ல காய்ச்சல். வளைந்தால் வாங்காதீர்கள், பூஞ்சணம் பிடிக்கும்.

தேங்காய்ச் சொட்டோடு கடிப்பது பல்லு உள்ளவர்களுக்கு. எங்கள் அப்பு பல்லில்லாத காலத்தில் ஆச்சி புழுக்கொடியலை உரலில் இடித்து, சீனியும் தேங்காய்ப்பூவும் போட்டு இன்னொருக்கால் இடித்துக் கொடுப்பார். நாங்கள் பல்லோடு போய் அதற்கு வரிசையில் நிற்போம்.

சென்னைவாசி

பனங்கிழங்கு எங்களுக்கும் பொங்கல் சமயத்தில் வரும், அவித்து நார் உரித்துச் சாப்பிடுவதோடு சரி. காயவைத்து வருடம் முழுக்க வைப்பது புதுசாக இருக்கிறது. பனம்பழத்தில் துணி துவைத்த செய்தியை நான் இன்னும் ஜீரணிக்கவில்லை. அதே பழத்தில் பலகாரமும் செய்வீர்களா?

கோண்டாவில் மாமா

செய்வோம் தம்பி, பனங்காய்ப் பணியாரம். பழத்தைச் சுட்டோ சுடாமலோ தோலை உரித்து, தும்பில் இருந்து களியைப் பிசைந்து எடுப்பது. துணியில் வடித்து, சீனி போட்டுக் காய்ச்ச வேண்டும். காய்ச்சாமல் விட்டால் காறல் தொண்டையில் நிற்கும். பிறகு கோதுமை மா சேர்த்துக் குழைத்து, கைக்குள் வைத்துப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையால் பிதுக்கி எண்ணெயில் விடுவது. ஒன்றும் ஒரே அளவில் வராது. வந்தால் அது மெசின்.

சுடச்சுடச் சாப்பிடாதீர்கள். அடுத்த நாள்தான் அதற்கு உயிர் வரும்.

ஆய்வுகூடம்

மாமா சொன்ன இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். பனங்களியில் பிளாபெலிபெரின் என்ற சப்போனின் வகைச் சேர்வைகள் இருக்கின்றன. சப்போனின் என்றால் சவர்க்காரம் போல நுரைக்கிற குணம் உள்ளது. காறலும் அதனால்தான், உடுப்பில் நுரை வந்ததும் அதனால்தான். சில பனைகளின் பழம் கூடக் கைக்கும், சிலது கைக்காது. ஊரில் எந்தப் பனை எப்படி என்று பழம் பொறுக்குகிற கிழவிகளுக்குத் தெரியும், எங்களுக்கு ஆய்வுகூடத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

பனை அபிவிருத்திச் சபையின் கற்பகம் விற்பனை நிலையங்களில் போத்தலில் அடைத்த பனங்களி கிடைத்தால் வாங்கிப் பாருங்கள், காலம் தப்பிப் போனவர்களுக்கு அது உதவும். 1978 இல் தொடங்கிய சபை. ஒடியல் மா, பனங்கட்டி, புழுக்கொடியல் எல்லாம் அங்கே பைக்கற்றில் இருக்கும், ஆளுக்கு ஐந்து என்ற கட்டுப்பாடும் இல்லை.

ரொறன்ரோ ராகவன்

இதைத்தான் நானும் சொல்கிறேன்.

நெறியாளர்

அந்தக் கடையின் தொலைபேசி இலக்கத்தையும் வாசல் படத்தையும் இட்ட இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். கடைக்காரர் கேட்காத விளம்பரம் வேண்டாம். அரிசி மா பற்றிய விவாதத்தைச் சமையல் பகுதிக்கு மாற்றலாமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம், இங்கேயே நடக்கட்டும்.

வடமராட்சியான்

நன்றி. ஒரு பிடி அரிசி மா.

தாச்சிச்சட்டி (இணுவில்)

கடைகளில் மொத்தமாக வாங்க நினைப்பவர்களுக்கு நடைமுறை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அடுத்த முறை ஒருவரும் கோபப்படாமல் இருக்க. எங்களுக்குக் கல்யாண வீட்டுக்கும் வரும், சாமத்திய வீட்டுக்கும் வரும், எட்டுச் செலவுக்கும் வரும். பிள்ளைக்குப் பல்லு முளைக்கிறபோது செய்கிற பல்லுக் கொழுக்கட்டைக்குக்கூட முறுக்குச் சேர்த்துக் கேட்பார்கள். இவ்வளவும் எங்களால் கொடுக்க முடிவது நாலு நாளைக்கு முதல் சொல்வதால். செத்த வீட்டுக்குக்கூட எட்டாம் நாள்தான் பலகாரம், அவர்களும் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். வெளிநாட்டுக்காரர் மட்டும் விமானத்துக்குப் போகிற வழியில் வானை நிறுத்துவார்கள்.

ரின் கொண்டுவந்து கொடுங்கள். பையில் போட்டால் நொறுங்கும். வடையைப் படுக்க வைக்காமல் நிறுத்தி அடுக்கி, இடைவெளியில் கசக்கிய தாள் திணித்தால் போகும். ஆறாமல் மூடினால் ரின்னுக்குள் வியர்த்துவிடும், எந்தக் கடையில் வாங்கினாலும் சரி.

ஒழுங்கைப்பிள்ளை (லண்டன்)

இரண்டு கிழமை கழித்து வருகிறேன், செய்தி இருக்கிறது.

தாச்சிச்சட்டி அக்கா சொன்னபடி சின்னம்மாவிடம் சொன்னேன், அவர் கொக்குவிலில் இருக்கிறார். பெரிய பிஸ்கட் ரின் இரண்டைக் கழுவிக் காயவைத்து எடுத்துக்கொண்டு காலையில் போயிருக்கிறார். காலையில் கடையில் சனம் இல்லையாம். ‘நாலு நாள் செல்லும்’ என்று மாமி சொன்னார். முற்பணம் கொடுக்கப் போனால் வாங்கவில்லை. ‘ரின் இருக்குத்தானே, பிறகென்ன’ என்றாராம்.

நேற்று ஒரு தெரிந்த பிள்ளை பல்கலைக்கழகத்துக்கு இங்கே வந்தவள் கொண்டுவந்து தந்தாள். ரின்னைத் திறந்ததும் பெருஞ்சீரக மணம் சமையலறையை நிறைத்துவிட்டது, கீழ் வீட்டுக்காரர் என்ன சமைக்கிறாய் என்று செய்தி அனுப்பினார். வடைகள் நிறுத்தி அடுக்கியிருந்தன. உள்ளே வெள்ளைத் தாள், வெளியே வலம்புரிப் பேப்பர். எண்ணிப் பார்த்தேன். இரண்டு ரின்னிலும் சேர்த்து 45 சரை. ஐந்து குறைகிறது.

சின்னம்மாவுக்கு அழைத்து 50 என்றுதானே சொன்னீர்கள் என்றேன். 50 என்றுதான் சொன்னேன் என்றார். பிறகு இரண்டாவது ரின்னின் மூடிக்கு உட்புறம் ஒரு கொப்பித் தாள் ஒட்டியிருந்ததைக் கண்டேன். பென்சிலால் எழுதியிருந்தது:

‘கேட்டது 50. திருவிழாவுக்குள் வந்து கொண்டுபோனது 5. மிச்சம் 45.’

அதற்குக் கீழே கணக்கு, சரைக்கு அன்றைக்குச் சொன்ன அதே விலை. நொறுங்கியது நாலே நாலு வடை. அதை நானே நின்ற நிலையில் சாப்பிட்டுவிட்டேன். அரிசி மா இருக்கிறதா இல்லையா என்று எனக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை.

வடமராட்சியான்

நாலாம் நாள் பல்லு உடைந்ததா?

ஒழுங்கைப்பிள்ளை (லண்டன்)

இல்லை.

தாச்சிச்சட்டி (இணுவில்)

பார்த்தீர்களா.

ஊரில் நிற்கிறவன் (யாழ்ப்பாணம்)

இப்போதுதான் விளங்குகிறது. போன கிழமை செவ்வாயும் புதனும் அந்தப் பக்கம் போனேன், மாமி ‘இண்டைக்கு வடை இல்லைத் தம்பி, ஒரு ஓடர்’ என்று மிக்சரைக் கட்டித் தந்தார்.